முற்றுகையும் தாகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930களில் இரண்டு கற்பனை நாடுகள் மோதிக்கொள்ளும் நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். ஆளரவமற்ற வறண்ட நிலத்தின் நடுவே உள்ள ஒரு சிறு கோட்டையை எதிரிப்படை முற்றுகையிடுவதுதான் அதன் மையம். கைப்பிரதியைப் படித்த நண்பர்கள், அக்காலப் போர் என்றால் டாங்கிகளும் விமானங்களும்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறார்கள். வெறும் முள்காட்டுக்காக எந்த நாடாவது இத்தனை உயிர்களைக் கொடுக்குமா என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கற்பனை செய்திருப்பது ஏறக்குறைய அப்படியே நடந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் சாக்கோ என்ற முள்காட்டுச் சமவெளிக்காக பொலிவியாவும் பராகுவேயும் 1932 முதல் 1935 வரை போரிட்டன. இரு தரப்பிலுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பசிபிக் போரில் கடற்கரையைச் சிலியிடம் இழந்திருந்த பொலிவியாவுக்கு, பராகுவே ஆற்றின் வழியாகக் கடலை எட்டும் கனவு இருந்தது. முந்தைய நூற்றாண்டின் பெரும்போரில் மக்களையும் நிலத்தையும் பெருமளவில் பறிகொடுத்திருந்த பராகுவேயோ இன்னொரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. எண்ணெய் கிடைக்கும் என்ற பேச்சும் உண்டு, ஆனால் இழந்தவர்களின் மனத்தை நான் அதைவிடப் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

உங்கள் கோட்டைக்கு நெருங்கிய உறவு, சாக்கோவில் இருந்த பொக்கெரோன் கோட்டை. 1932 செப்டம்பர் 9 அன்று எஸ்டிகாரிபியாவின் பராகுவே படை அதைத் தாக்கியது. உள்ளே மார்சானாவின் தலைமையில் சில நூறு பொலிவிய வீரர்களே இருந்தார்கள்; வெளியே இருந்தவர்களோ அவர்களைப் போலப் பல மடங்கு. ஆனாலும் திறந்தவெளியில் நேராக ஓடிவந்த முதல் தாக்குதல், பதுங்குகுழிகளில் மறைந்திருந்த இயந்திரத் துப்பாக்கிகளின் முன் சிதறியது. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும்: முற்றுகையிட்டவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. இஸ்லா போய் என்ற தளத்திலிருந்து லாரிகளில் வந்த தண்ணீர் அத்தனை ஆயிரம் பேருக்குப் போதாமல், தாகம் தாங்காத வீரர்கள் முன்வரிசையை விட்டு விலகி நீர் தேடிப் போனார்கள். இருபது நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 29 அன்று, தோட்டாவும் உணவும் தண்ணீரும் தீரும் நிலையில் கோட்டை சரணடைந்தது.

டாங்கிகளைப் பற்றிய நண்பர்களின் கேள்விக்கு நனாவா என்ற பராகுவே அரண் பதில் சொல்லும். பொலிவியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெர்மானியரான ஹான்ஸ் குண்ட் 1933 ஜூலையில் அங்கே விக்கர்ஸ் டாங்கிகளோடு தன் படையை ஏவினார், பேரிழப்புதான் மிஞ்சியது. அதே ஆண்டு டிசம்பரில் காம்போ வியாவில் அவருடைய இரண்டு டிவிஷன்கள் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தன, அவரும் பதவி இழந்தார்.

ஆனால் என்னை நெடுநாள் தூங்கவிடாமல் செய்தது இரெண்டாகுவே என்ற இடத்தில் நடந்தது. 1934 டிசம்பரில், அறுபது வயதான காராய் என்ற பராகுவே கர்னல், நீரற்ற காட்டின் வழியாகத் தன் படையைப் பல பத்து கிலோமீட்டர் நடத்திச் சென்று, பொலிவியர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்த கிணறுகளைக் கைப்பற்றினார். அதன் பிறகு அங்கே பெரிய சண்டைக்குத் தேவையே இருக்கவில்லை. கிணறுகளை இழந்த பொலிவியப் படை காட்டுக்குள் கலைந்து, ஆயிரக்கணக்கானோர் தாகத்தால் இறந்தார்கள். அவர்களில் பலர் ஐமாராவும் கெச்சுவாவும் பேசும், குளிர்ந்த உயர்மலைகளிலிருந்து பிடித்துவரப்பட்ட உழவர்கள். அந்த வெயிலையும் புதரையும் அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. எதிரே இருந்தவர்களோ குவாரானி பேசுகிறவர்கள், தாழ்நில வெப்பத்துக்குப் பழகியவர்கள். எந்த ஊர் மனிதன் எந்த மண்ணில் நிற்கிறான் என்பதை உங்கள் நாவல் மறக்கக் கூடாது.

ஆகவே, கைப்பிரதியில் விமானங்களைக் கூட்டாதீர்கள். கோட்டையின் கிணறு எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் நீர் ஊறும், முற்றுகையிடும் படைக்கு நீர் எந்தப் பாதையில் வருகிறது, மழை பெய்தால் அந்த லாரிகள் சேற்றில் என்ன ஆகும் என்பவற்றை முதலில் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் தளபதி மூன்றாம் நாளில் எதிரியின் வலப்பக்கத்தைத் தாக்க ஆணையிடுகிறார். அந்த ஆணையை, கிணற்றடியில் வரிசையில் நிற்கும் ஒரு சிப்பாயின் காதில் விழும்படி மாற்றி எழுதி, அந்த அத்தியாயத்தை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்