நம்பிக்கை இருந்தும் ஏன் சில மாணவர்களுக்குப் படிப்பில் ஊக்கம் வருவதில்லை?

'முடியும்' என்ற நம்பிக்கை பாதிதான். எதற்காகப் படிக்கிறார் என்பது மீதி.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை, பொதுவான தன்னம்பிக்கை அல்ல. 'இந்த வகைக் கணக்கை என்னால் போட முடியும்' என்கிற அளவுக்குக் குறிப்பானது. அதனால்தான் இயற்பியலில் துணிந்து இறங்கும் அதே மாணவர் கட்டுரை எழுதச் சொன்னால் நழுவுகிறார். இந்த நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதும் உதவும். வெறும் பாராட்டு அடுத்த தோல்வியிலேயே கரைந்துவிடும்.

இலக்கு வேறு விஷயம். பாடம் புரிய வேண்டும் என்று படிப்பவருக்குத் தவறு ஒரு தகவல், ஆர்வமும் நிலைக்கும். பிறரை முந்த நினைப்பவருக்கு மதிப்பெண் நன்றாகவே வரலாம் (இதைக் குறையாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை). சிக்கலானது மூன்றாவது வகை: 'மட்டமாகத் தெரிந்துவிடக் கூடாது' என்ற பயம். உளவியலாளர் ஆண்ட்ரூ எலியட் 1990-களில் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பதற்றமும் குறைந்த மதிப்பெண்ணும் பெரும்பாலும் இதனோடுதான் சேர்ந்து வருகின்றன.

தன்திறன் நம்பிக்கை குறைந்தவர் பெரும்பாலும் இந்தப் பயத்தின் பக்கமே சாய்கிறார். சந்தேகம் கேட்பதில்லை, கடினமானதைத் தொடுவதில்லை. எனவே செய்து முடித்த அனுபவமும் சேர்வதில்லை. பாடத்தைச் சிறு படிகளாக்கி, அவருடைய புதிய விடைத்தாளை அவருடைய பழைய விடைத்தாளோடு மட்டும் ஒப்பிட்டால் இந்தச் சுழல் தளர வாய்ப்புண்டு.