ரீச்சரிடம் கேளுங்கள்: பொபின் மாற்றுகிற அரை நிமிடம்

கேள்வி: ரீச்சர், நான் ஆடைத் தொழிற்சாலையில் கொலர் தைக்கிறேன். விடிய ஐந்தரைக்கு பஸ். இரவு வந்து சமைத்து, சலரோகத்தால் புண்ணான அம்மாவின் காலைத் துடைத்து மருந்து கட்டிவிட்டுத்தான் செபமாலையை எடுக்கிறேன். இரண்டாம் பத்திலேயே தூங்கிவிடுகிறேன். சில ஞாயிறுகளிலும் வேலை. வழிபாடே இல்லாத கிறிஸ்தவளாகிவிட்டேனா?
— வாசகி, விசுவமடு

பதில்: பிள்ளை, அம்மாவின் காலைத் துடைக்கிற நேரத்தை ஏன் வழிபாட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டாய்? உன் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அதுதான்.

பழைய ஏற்பாட்டின் எபிரேயத்தில் நிலத்தைப் பண்படுத்துவதற்கும் கடவுளை வழிபடுவதற்கும் ஒரே வினைச்சொல். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்த ஆதாமை வைத்தார் என்கிற இடத்தில் வருவதும், என்னை வழிபட என் மக்களைப் போகவிடு என்று பார்வோனிடம் சொல்கிற இடத்தில் வருவதும் அதே சொல்தான். நம்மிடம் ‘ஊழியம்’ என்ற சொல்லும் அப்படித்தானே இரண்டு பக்கமும் நிற்கிறது? உடலையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள், அதுவே உங்கள் வழிபாடு என்று உரோமையருக்கு எழுதிய பவுல், கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர். உன்னைப் போல அவரும் கைவேலை செய்து பிழைத்த ஆள்.

2009இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது என் செபமாலை எங்கோ தொலைந்திருந்தது. பக்கத்துத் தறப்பாளில் இருந்த நாச்சிக்குடா அம்மா ஒருவர் வலைநூலில் முடிச்சுப் போட்டு ஒன்று செய்து தந்தார். நூல் போதாமல் பத்து முடிச்சோடு நின்றுவிட்டது. தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்று அந்தப் பத்தையே ஐந்து முறை சுற்றுவேன். வாளியை ஓர் அடி நகர்த்துவேன், ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்வேன். அதைவிடக் கவனமாக நான் பிறகு எந்தக் கோயிலிலும் செபித்ததில்லை. அந்த நூல் இப்போதும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வெயிலில் காய்ந்து கம்பி போலாகிவிட்டது.

ஆகவே படுக்கையில் ஐந்து பத்தையும் முடிக்க மல்லுக்கட்டாதே. நூல் தீர்ந்து பொபின் மாற்றுகிற அரை நிமிடம் உனக்கு நாளில் பலமுறை வரும். அதில் ஒரு வரி சொல். அம்மாவின் காலைக் கட்டும்போது அவருக்கும் கேட்கும்படி சொல். தூங்கிப்போனால் தூங்கு, பிள்ளை. தாயின் மடியில் தூங்குகிற குழந்தை தாயை அவமதிக்கவில்லை.

அதற்காகக் கோயிலே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. பூசையில் அப்பத்தை ஒப்புக்கொடுக்கும்போது, நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும் என்று பாதர் சொல்வதைக் கேட்டிருப்பாய். வாரம் முழுவதும் நீ தைத்த கொலர்களும் அந்தத் தட்டில் வைக்கப்பட வேண்டியவை. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் திரும்பியபோது, இடிந்த வீடுகளுக்கு நடுவே ஆலயத்தில் கூடித்தான் செபித்தார்கள். வாடியில் இருந்துகொண்டு தனித்தனியாகவும் செபித்திருக்கலாம். சேர்ந்து நிற்கும்போது கிடைக்கிற பலம் வேறு. ஞாயிறு வேலை என்றால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போ. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி அதுவும் ஞாயிறுக் கடனை நிறைவேற்றும். அதுவும் முடியாத வாரத்தில், நோயாளியான தாயைப் பராமரிக்கிறவளைத் திருச்சபை குற்றவாளியாக நிறுத்துவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வேலை வழிபாடு என்றதால், மேலதிக நேரத்துக்குக் காசு தராவிட்டாலும் வாய் பேசாமல் இரு என்று அர்த்தமில்லை. கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். பக்கத்து மெசினில் இருக்கிற பெண்ணின் சம்பளத்தை அநியாயமாக வெட்டினால் அவளோடு போய் நின்று கேள்.

கேள்வி: தன் சிறுவயதில் பூசை லத்தீனில் நடந்தது என்கிறார் அம்மம்மா. விளங்காத மொழியில் எப்படி வழிபட்டார்கள்?
— மாணவன், முல்லைத்தீவு

பதில்: இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட வழிபாட்டு ஏட்டுக்குப் பிறகுதான் தாய்மொழிப் பூசைக்கு வழி திறந்தது. அதுவரை பீடத்தில் லத்தீன், கீழே அம்மம்மாமாரின் தமிழ்ச் செபமாலை. மணி அடித்தால் தலை குனிவார்கள். லத்தீனில் ஞாபகமுள்ள ஒரு வரியை அம்மம்மாவிடம் கேட்டுப் பாரும், தம்பி. பாடியே காட்டுவார்.

கேள்வி: நானும் தம்பியும் இரணைமடுத் தண்ணீரில் அடுத்தடுத்த வயல் செய்கிறோம். போன சிறுபோகத்தில் என் முறையில் அவன் மடையைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. கோயிலில் அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். பூசையில் மனம் ஒட்டவில்லை, ரீச்சர்.
— கமக்காரர், வட்டக்கச்சி

பதில்: ஐயா, ஒட்டாதுதான். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார். பிழை யார் பக்கம் என்று அவர் அங்கே விசாரிக்கவில்லை. உன்மேல் அவனுக்கு மனத்தாங்கல் இருந்தால் நீ போ என்கிறார். அது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மீள்குடியேறிய பிறகு எல்லை வேலியில் ஒரு முழ நிலத்துக்காக என் தங்கையோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வருடமும் நற்கருணை வாங்கினேன். நாக்கில் கரைந்தது, உள்ளே இறங்கவில்லை. ஒரு தவக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்து, “சம்பல் இல்லையா அக்கா?” என்று கேட்டாள். நிலத்தைப் பற்றி நாங்கள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த முறைத் தண்ணீர் உங்களுக்கு வரும்போது தம்பியின் வயல் காய்ந்திருந்தால், உங்கள் மடையைக் கொஞ்சம் முந்தி அடைத்து அவன் பக்கம் திருப்பிவிடுங்கள். யாரையும் தூது அனுப்பாதீர்கள். மண்வெட்டியோடு நீங்களே வரம்பில் நில்லுங்கள். தண்ணீர் வருவதைக் கண்டு அவன் வருவான்.