பெட்டி கட்டுமுன்: வெளிநாட்டு ஊழியம் பற்றிக் கேள்வி பதில்

வள்ளியூர்த் தம்பி: அண்ணாச்சி, கென்யாவில் ரெண்டு வருஷம் ஊழியம் செய்ய ஆசை. டூரிஸ்டாகப் போய், அங்கே விசாவை மாற்றிக்கலாமா?

வேண்டாம் தம்பி. சுற்றுலா அனுமதியில் போய்ப் பிரசங்கம் பண்ணினால் மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, அழைத்த சபையும்தான். மிஷனரிகளுக்கென்றே ‘கிளாஸ் ஐ’ பெர்மிட் உண்டு. அதற்கு அங்கே பதிவுபெற்ற சபையோ சங்கமோ விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதலில் தேட வேண்டியது விமான டிக்கெட் அல்ல, உங்களை வேண்டுமென்று கேட்கும் ஒரு சபை. அழைப்புக் கடிதத்தில் என்ன வேலை, யாருக்குக் கீழ், தங்கும் இடம், செலவு யார் பொறுப்பு, இந்த நாலும் இருக்கட்டும்.

நாசரேத் தங்கச்சி: கென்யாவில் பேசும் சுவாஹிலி மொழி கஷ்டமா? எதில் தடுமாறுவோம்?

இலக்கணம் நமக்குப் பாதி பழகியதுதான். ‘நினகுபெண்டா’ என்றால் ‘நான் உன்னை நேசிக்கிறேன்’. நி = நான், ந = நிகழ்காலம், கு = உன்னை, பெண்டா = நேசி. நாம் வினைக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். நமக்கு உதைப்பது பெயர்ச்சொல் வகுப்புகள். தமிழில் ‘நல்ல பிள்ளை, நல்ல புத்தகம்’ என்று ‘நல்ல’ அசையாது. அங்கே ‘ம்தோதோ ம்சூரி’ (நல்ல பிள்ளை), ‘வதோதோ வசூரி’ (நல்ல பிள்ளைகள்), ‘கிதாபு கிசூரி’ (நல்ல புத்தகம்) என்று முன்னொட்டு மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் பண்ணாமல் ஒருமை, பன்மை, ஒரு பெயரடை மூன்றையும் சேர்த்தே படியுங்கள்.

அதைவிடப் பெரிய குழி நம் எழுத்தில் இருக்கிறது. ‘பாபா’ என்ற சொல்லை ‘பாபு’ என்ற பெயரின் முதல் ஒலியோடு சொன்னால் அப்பா. ‘பாப்பா’வில் வரும் அழுத்தமான ஒலியோடு சொன்னால் சுறா மீன்! ‘எங்கள் பிதாவே’ என்று ஜெபம் தொடங்குகிற இடத்தில் இந்தத் தப்பு வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்தால் இந்த வித்தியாசம் நோட்டிலேயே தொலைந்துபோகும். அவர்கள் எழுதுகிறபடி ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பழகுங்கள். அதிர்ந்தால் அப்பா, அதிராவிட்டால் சுறா.

முதல் மூன்று மாசம் பிரசங்கம் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஒரு மணி நேரம் ஆசிரியர், பிறகு அன்று படித்த ஐந்து வாக்கியத்தையும் சந்தையில் பேசித் தீர்ப்பது. இதுதான் வேலை.

சுரண்டை அண்ணன்: ஊசி, மருந்து?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு, அரசு அங்கீகரித்த மையத்தில் போட வேண்டும். சான்று ஆயுளுக்கும் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கர்ப்பிணிகள், 60 தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மலேரியாத் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால், ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் விழுங்க வேண்டும். வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தப்பு.

மெஞ்ஞானபுரம்: பழைய துணி மூட்டை கட்டிக் கொண்டுபோகலாமா?

கூடாது. கென்யாவில் ‘மிதும்பா’ என்று பழைய துணிக்கே பெரிய சந்தை இருக்கிறது. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் நம்ம வெள்ளாளன்விளை அசரியா (பின்னாளில் பிஷப் ஆனவர்), வெள்ளைக்கார மிஷனரிகள் எவ்வளவோ கொடுத்தார்கள், இனி நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இப்போது கொடுக்கிற பக்கத்தில் நாம் நிற்கிறோம். அந்தப் பேச்சை நமக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டை, சேகரக் கமிட்டி உறுப்பினர்: கைப்பிடி அரிசிக் காணிக்கைப் பணத்தை மாசாமாசம் அங்கே அனுப்பலாமா?

டிரஸ்ட் கணக்கிலிருந்து என்றால் ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். வெளிநாட்டில் செலவழிக்கும் தொகைக்கு, மத்திய நேரடி வரி வாரியத்தின் அனுமதி இல்லாவிட்டால் வருமான வரி விலக்குக் கிடைக்காது.

டோனாவூர் வாலிபர் குழு: நேபாளத்துக்கு விசா வேண்டாமே, பத்து நாள் போய்ச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?

விசா வேண்டாம், சரி. ஆனால் அங்கே மதம் மாற்ற முயல்வது குற்றம். 5 வருஷம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். அயல்நாட்டாரைத் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நீங்கள் பஸ் ஏறிய பிறகு போலீஸுக்குப் பதில் சொல்வது உள்ளூர்ப் பாஸ்டர். அவர் கேட்டால் போங்கள், அவர் சொன்ன வேலையை மட்டும் செய்யுங்கள். ஆராதனை பெரும்பாலும் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

இடையன்குடி, நர்ஸ் அக்கா: போன அன்றே கிளினிக்கில் உதவலாமா?

அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவாகும்வரை ஊசி போடவோ மாத்திரை கொடுக்கவோ கூடாது அக்கா. தமிழ்நாடு கவுன்சிலில் நன்னடத்தைச் சான்றுக்கு இப்போதே எழுதிப்போடுங்கள். பதிவு வரும்வரை பெயர் எழுதுங்கள், தண்ணீர் கொதிக்க வையுங்கள், வரிசையில் இருக்கும் அம்மாமார்களிடம் பேசுங்கள். சுவாஹிலியும் அங்கேதான் வரும்.