நொய்யல் தண்ணீரும் தாய்மாமன் சீரும்

கேள்வி: என் மகள் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் மீன்களை என்ன செய்கிறது என்பது தலைப்பு. திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் என் அண்ணன், தன் பட்டறையைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்பக்கம் எடுத்த தண்ணீர் மாதிரியை நீக்கினால்தான் அவள் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருவேன் என்கிறார். அடுத்த மாதம் அவள் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறாள். நாங்கள் சென்னிமலைப் பக்கம் விவசாயம் செய்கிறோம். கிணறு இருந்தும் மாட்டுக்குக்கூடக் குழாய்த் தண்ணீர்தான் வைக்கிறோம். அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடும்படி மகளிடம் எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லக் கூடாது.

மாட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிணற்றுத் தண்ணீரைத் தொழுவத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முடிவெடுக்க உங்களுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. கிணறு கெட்டுப்போனதை அண்ணனிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்கள் மாட்டைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டீர்கள். இப்போது மகளும் அப்படியே இருக்க வேண்டும் என்கிறீர்கள்.

ஒரத்துப்பாளையம் அணை உங்கள் பக்கம்தானே? பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த அணையில் சாயக்கழிவு தேங்கியது. அதில் தண்ணீரே தேக்க வேண்டாம் என்று விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத பட்டறை மட்டுமே இயங்கலாம் என்பதே விதி. உங்கள் அண்ணன் அதற்கான செலவைச் செய்து ஒழுங்காகத் தொழில் நடத்துகிறார் என்றால், அந்த மாதிரியே அவருக்குச் சாட்சி சொல்லும்.

ஆற்றில் பட்டறைக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று தண்ணீர் எடுத்து ஒப்பிட்டால்தான் கெடுதல் எங்கே சேர்கிறது என்று தெரியும். அந்தத் தண்ணீரில் மீன்களை 96 மணி நேரம் வைத்து, எத்தனை சாகின்றன என்று பார்க்கும் சோதனை உலகெங்கும் நடப்பது. பிற ஆய்வாளர்கள் அதன் கணக்கை வரிக்கு வரி கேட்பார்கள். வேண்டாத இடத்தை நீக்கினால் அதற்குப் பெயர் மோசடி. வெளியே தெரிந்தால் பட்டமே பறிபோகலாம். அவள் செய்ய வேண்டியது வேறு: பட்டறைக்காரர் தன் தாய்மாமன் என்பதை ஆய்வு வழிகாட்டியிடம் இன்றே சொல்லி, கட்டுரையிலும் எழுதிவிட வேண்டும்.

தாய்மாமன் சீரை நான் சிறிதாக எண்ணவில்லை. நம் கொங்கு நாட்டில் அது இல்லாத கல்யாணம் குறைதான். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிறந்த அன்றே அந்தப் பெண்ணுக்குச் சேர்ந்துவிட்ட உரிமைக்கு உங்கள் அண்ணன் விலை கேட்கிறார். அவரிடம் பேசப் பயந்துகொண்டு, இளையவள் பணிந்துவிடுவாள் என்று மகளிடம் வருகிறீர்கள்.

கருத்தரங்குக்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். மகளை அழைத்துப் போகாதீர்கள். கிணற்றின் கதையைச் சொல்லுங்கள். “மாதிரியை நீக்க மாட்டாள், நீங்கள் சீருக்கு வர வேண்டும், அண்ணா” என்று கூடப்பிறந்த உரிமையோடு கேளுங்கள். மறுத்தால், பிறந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவரைச் சீருக்கு நிற்கச் சொல்லுங்கள். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.