பழைய பேஸ்பால் அட்டைகளை, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை, திரும்ப வரைவது அசலைக் கெடுப்பதாகாதா?

ஆகாது என்பேன். நீங்கள் அசல் என்கிறீர்களே, அதுவே ஒரு போட்டோவின் மேல் வரைந்ததுதான்.

1952-இல் டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேன்டில், நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 536 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) விளாசியவர். 2022-இல் அந்த அட்டையின் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அதற்கு மூலமாக இருந்தது வெறும் கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு வண்ணம் ஏற்றித்தான் அச்சிட்டார்கள். அந்த நீல வானமும் மஞ்சள் மட்டையும் கேமரா பிடித்தவை அல்ல, யாரோ ஒருவருடைய தூரிகை கொடுத்தவை. அந்த 1952 அட்டை வரிசையின் வடிவமைப்பும் பெரிய ஸ்டூடியோவில் பிறக்கவில்லை. டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கர், புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் அவரே அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார் என்பது தனிக்கதை. புனிதம் எல்லாம் பிற்பாடு ஏறியது.

2020-இல் அதே டாப்ஸ், 20 பழைய அட்டைகளைத் திரும்ப வரையச் சொல்லி 20 ஓவியர்களிடம் கொடுத்தது. ஆளுக்கு எல்லா அட்டையும், மொத்தம் 400. ஒவ்வொன்றும் 48 மணி நேரம்தான் விற்பனை. எத்தனை ஆர்டர் வந்ததோ அத்தனைதான் அச்சு. அதில் வியாபாரம் இருந்தது, மறுக்கவில்லை. சிலதைப் பார்த்தால் ஓவியரின் முத்திரைதான் தெரிந்தது, ஆட்டக்காரர் யாரென்று தேட வேண்டியிருந்தது. அவை எனக்குப் பிடிக்கவில்லை.

அதைப் பார்த்த கையோடு நானும் மேன்டிலை வரைந்து பார்த்தேன் (பிழைப்புக்கு போஸ்டர் வடிவமைப்பவன்). முதலில் வானத்தை எடுத்துவிட்டு ஆரஞ்சு நிறம் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை, அவர் அவராகவே இருந்தார். பெயரைச் சுற்றியிருக்கும் நட்சத்திரங்களை நீக்கினேன். சரி, கொஞ்சம் மொட்டையாக இருந்தது, அவ்வளவுதான். முகத்தை நாலு கோட்டில் சுருக்கினேன், அப்போதும் ஆள் தெரிந்தார். அப்புறம், மட்டை என்றால் மரம்தானே என்று அதற்கு அசல் மர நிறம் கொடுத்தேன். போச்சு. ஏதோ ஒரு பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பொய்யான மஞ்சளில்தான் அட்டையின் உயிர் இருந்திருக்கிறது. எனவே திரும்ப வரைகிறவர் எதை மாற்றினார் என்று நான் பார்ப்பதில்லை. தொடாமல் விட்டது எது என்றுதான் பார்க்கிறேன். மேன்டிலுக்கு மஞ்சள் மட்டை என்றால், கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரரின் 1989 அட்டைக்கு வேறு ஏதாவது இருக்கும். அதை இன்னும் வரைந்து பார்க்கவில்லை.