ஃபோர்ஜிங்கும் மெட்டல் வொர்க்கிங்கும் ஒன்றா, வேறு வேறா?

உலோக வேலையில் (மெட்டல் வொர்க்கிங்) ஃபோர்ஜிங், அதாவது உலோகத்தை அடித்தோ அழுத்தியோ வடிவமாக்குவது, ஒரு பகுதி. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்விக்குக் கீழே, "சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) வந்த பிறகும் காய்ச்சி அடிக்கிற வேலைக்கு என்ன அவசியம்?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. டிராப் ஹாமர் என்கிற, மேலிருந்து விழுந்து அடிக்கும் இயந்திரச் சுத்தியல் பக்கத்திலேயே பாதி ஆயுசைக் கழித்தவன் நான்.

நீங்கள் மெக்கானிக்கல் முதல் வருடம் படிப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். உருக்கி அச்சில் ஊற்றினால் வார்ப்பு. கடைந்தோ துளையிட்டோ வேண்டாததை எடுத்தால் மெஷினிங். துண்டுகளைச் சேர்த்தால் வெல்டிங், ரிவெட். உருக்காமல், வெட்டாமல், திடமாக இருக்கும்போதே நெருக்கியும் இழுத்தும் வடிவத்தை மாற்றுவது இன்னொரு வகை. ரோலிங், கம்பி இழுப்பது, தகடு வளைப்பது, ஃபோர்ஜிங் எல்லாம் அதில் வரும். இந்தப் பிரிவினை எல்லாம் தேர்வுத்தாளோடு சரி. எங்களிடம் வரும் கம்பியே ஏற்கெனவே வார்த்து, ரோலிங் செய்ததுதான். நாங்கள் அடித்து அனுப்பியதை ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கி ஆறவைத்துப் பதம் ஏற்றுவது) செய்து, அப்புறம் லேத்திலோ மில்லிங்கிலோ ஏற்றுவார்கள்.

சரி, அவசியம் என்ன என்பதற்கு வருகிறேன். ஒரு நிறுவனத்தில் 'எல்' வடிவ லீவர் ஒன்றைக் கனத் தகட்டிலிருந்து வெட்டி, மில்லிங் செய்து போட்டிருந்தார்கள். உள்மூலையில் விரிசல் விட்டு உடைந்துகொண்டே இருந்தது. எங்களிடம் வந்தார்கள். அதே கிரேடு ஸ்டீல் கம்பியைச் சுமார் 1200 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, முதலில் வளைத்து, பிறகு டையில் (வடிவம் குடைந்த எஃகு அச்சு) வைத்து அடித்து, ஓரத்தில் பிதுங்கிய உபரி உலோகமான ஃபிளாஷை வெட்டிக் கொடுத்தோம். அவர்களுடைய டிசைன் ஆளுக்கு நம்பிக்கையே இல்லை. "மெட்டீரியல் அதேதான், வடிவமும் அதேதான், இதில் என்ன சார் மாறிடப்போகுது?" என்றார்.

வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது என்று இரண்டையும் நெடுக்காக அறுத்து, முகத்தை நன்றாகத் தேய்த்து, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும் சரிபாதி கலந்து சூடாக்கி அதில் போட்டோம். கொஞ்ச நேரத்தில், ரோலிங்கில் உலோகம் நீண்ட திசையைக் காட்டும் கோடுகள் மரத்தின் ரேகை மாதிரி எழுந்தன. தகட்டில் வெட்டிய லீவரில் அவை நேராக வந்து மூலையில் அறுபட்டு நின்றன. விரிசல் விட்டதும் அதே இடம். அடித்த லீவரில் கோடுகள் வளைவோடு சேர்ந்து வளைந்து 'எல்'லின் மறுகைக்குள் போயின. மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை டிராயிங்கில் எப்படிப் போடுவது?" என்று கேட்டார். அதன் பிறகு உடைசல் புகார் வரவில்லை.

உடனே யாராவது கமென்ட்டில் வருவீர்கள், தெரியும். ஆமாம், டையில் கூர்மூலை வைத்தால் உலோகம் தன்மேலேயே மடிந்து லாப் என்கிற மடிப்புக் குறை விழும் என்பதால் மூலையைச் சற்று உருட்டியிருந்தோம். பலம் கூடியதில் அதற்கும் பங்கு உண்டு. ஃபோர்ஜிங்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றும் நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் நீர்ப்பாதை ஓடும் இன்ஜின் பிளாக்கை அடித்து உருவாக்கிவிட முடியுமா? அதற்கு வார்ப்புதான். வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும், சுத்தியலுக்கு வளையாமல் நொறுங்கும். பத்துப் பதினைந்து பீஸ்தான் வேண்டும் என்றால் டைக்குச் செலவு செய்வதே முட்டாள்தனம், மெஷினில் வெட்டிக்கொள்ளுங்கள். காய்ச்சாமலும் ஃபோர்ஜிங் உண்டு. போல்ட் தலைகளை ஏராளமாகக் குளிர்நிலையிலேயே அடிக்கிறார்கள்.

காய்ச்சுவதும் சும்மா இல்லை. சூடு குறைந்தால் விரிசல் விடும், டையும் கெடும். கூடிப்போனால் ஸ்டீல் எரிந்து பொறி பறக்கும். உள்ளே ஸ்டீலின் நுண்மணிகளின் (கிரெய்ன்) ஓரமெல்லாம் ஆக்சிஜன் ஏறிவிடும், அடித்தால் உதிரும். ஒருமுறை எரிந்த ஸ்டீலை எந்த ஹீட் ட்ரீட்மென்ட்டும் மீட்காது. வீடியோக்களில் பொறி பறக்கப் பறக்க அடிப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், அதில் பாதிப் பொறி மேலே படிந்த ஆக்சைடுச் செதிலான ஸ்கேலா, எரியும் ஸ்டீலா என்று கேட்பதே இல்லை.

1842-இல் ஜேம்ஸ் நாஸ்மித் காப்புரிமை எடுத்த நீராவிச் சுத்தியலிலிருந்து இன்றைய பிரஸ் வரை இயந்திரங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஹாமரின் சத்தம் மட்டும் குறைந்தபாடில்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் அடைப்பான் வைத்தால் கேலி செய்வார்கள். இப்போது எனக்கு இரண்டு காதும் மந்தம். இது தெரிந்தும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பித் தள்ளுகிறார்கள். இரண்டு வரி டைப் செய்ய விரல் தேய்ந்துவிடுமாம். கல்யாணத் தேதியைக்கூட வாயால்தான் சொல்வார்கள், நான் பேரனைக் கூப்பிட்டுக் கேட்கவைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எழுத்தில் மட்டும்.