‘ச்சே’ என்றதால் தொழுகை முறிந்ததா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டினத்துக்காரன், சென்னையில் வேலை. நாங்கள் ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவு). மஃரிப் (அந்தித் தொழுகை) ஜமாஅத்தில் இரண்டாவது ரக்அத்தின்போது (தொழுகைச் சுற்றின்போது) என் சட்டைப் பையில் போன் அடித்தது, அதுவும் சினிமாப் பாட்டு. ‘ச்சே’ என்று வாய்விட்டுச் சொல்லி, பைக்கு மேலேயே பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேன். பக்கத்தில் தொழுத பெரியவர், “கையை அசைத்துவிட்டாய், தொழுகை முறிந்துவிட்டது, திரும்பத் தொழு” என்றார். திரும்பத் தொழ வேண்டுமா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. கை அசைந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். ஷாஃபி மத்ஹபில், தொழுகைக்குச் சம்பந்தமில்லாத அசைவு மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் தொழுகை முறியும். கை பைக்குப் போய் உடனே திரும்பி வந்தால் அது ஒரே அசைவு. போனை வெளியே எடுத்து, யார் அழைத்தது என்று பார்த்து, துண்டித்து, மறுபடி பையில் வைத்திருந்தால் கதை வேறு. இடைவெளி விட்டு வரும் அசைவுகளையும் சேர்த்து எண்ண மாட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதார்கள். ஸுஜூதுக்கு (நெற்றியைத் தரையில் வைக்க) போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொள்வார்கள். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இந்த ஹதீஸ் (நபிவழிச் செய்தி) உண்டு.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ‘ச்சே’தான் என்னை நிறுத்தியது. வேண்டுமென்றே இரண்டு எழுத்து அளவுக்கு வாய்விட்டுச் சொன்னாலே தொழுகை முறியும். அர்த்தம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நெடில் நீட்டலே ஓர் எழுத்தாகக் கணக்கு. அதனால் ‘ச்சே’ அந்த அளவைத் தொட்டுவிடுகிறது. ஆனால் பதற்றத்தில் தன்னையறியாமல் நாக்கு தவறி வந்த ஓரிரு சொல் மன்னிக்கப்படும். தொழுகையில் இருக்கிறோம் என்ற நினைவோடு, எரிச்சலில் சொன்னீர்களா, தானாக வந்துவிட்டதா? அது உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்தே சொன்னதாக இருந்தால் அந்த மஃரிபின் மூன்று ரக்அத்தையும் களா செய்துவிடுங்கள், அதாவது திரும்பத் தொழுதுவிடுங்கள்.

முஆவியா பின் ஹகம் (ரலி) என்ற நபித்தோழர், தொழுகையில் ஒருவர் தும்மியபோது ‘யர்ஹமுகல்லாஹ்’ (அல்லாஹ் உமக்கு அருள்புரிவானாக) என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அவரையே பார்க்க, “ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்?” என்று அதையும் தொழுகையிலேயே கேட்டார்! தொழுது முடித்த பின் நபி (ஸல்) அவர்கள் அவரைத் திட்டவில்லை. மனிதப் பேச்சு தொழுகைக்குப் பொருந்தாது என்று மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பத் தொழச் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. சட்டம் தெரியாமல் கொஞ்சம் பேசியவருக்குத் தொழுகை முறியாது என்பதற்கு ஷாஃபிகள் காட்டும் ஆதாரம் இது.

இன்னொரு மத்ஹபான ஹனஃபிகளிடம் இந்தச் சலுகை கிடையாது. மறந்து பேசினாலும் அவர்களுக்கு முறிந்துவிடும். ஆனால் அசைவில் அவர்கள் கணக்கே வேறு: தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ‘இவர் தொழவில்லை’ என்று தோன்றும் அளவுக்கு இருக்க வேண்டும். பட்டனை அமுக்குவது அதில் சேராது. ஆகவே பெரியவர் எந்த மத்ஹபாக இருந்தாலும் கையைக் குறை சொன்னது சரியில்லை. பாட்டுச் சத்தத்தில் உங்கள் ‘ச்சே’ அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.